செங்கல்லுக்குக் காவல் உண்டு, குடியிருப்பவனுக்கு?

சிக்காகோ என்று சொன்னவுடனே நம் தொழிலாளிக்கு மே தினம் நினைவுக்கு வரும். 1886-இல் எட்டு மணி நேர வேலை கேட்டுக் கிளம்பிய கிளர்ச்சியும், ஹேமார்க்கெட் சதுக்கமும், மறு ஆண்டு தூக்குமேடை ஏறிய நான்கு தலைவர்களும் நினைவுக்கு வருவார்கள். அந்தச் சிக்காகோ நகரிலே இன்று ஒரு கமிஷன் இருக்கிறது. எந்த வீட்டின் ஜன்னலை மாற்றலாம், எந்தக் கூரையைப் பிரிக்கலாம், எந்தச் சுவரில் கடப்பாரை படக்கூடாது என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. நம் பாஷையில் அதைச் சரித்திரச் சின்னக் கமிஷன் என்று சொல்லலாம்.

"ஜன்னலுக்கும் தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம்? கூலிக்கும் வேலைக்கும் மன்றாடவே பொழுது போதவில்லை. பழைய கட்டடத்தைப் பற்றிப் பேச நமக்கு நேரம் ஏது?" என்று தோழர்கள் கேட்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தொழிலாளி எட்டு மணி நேரம் ஆலையில் இருந்தால், மிச்ச நேரம் வீட்டில் இருக்கிறான். அந்த வீடு யாருடையது, அந்த வீதி யாருடையது, நாளைக்கு அதில் யார் இருப்பார்கள் என்பது கூலிப் பிரச்னைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆகவே இந்தக் கமிஷன் சங்கதியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

எங்கள் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இப்படிப்பட்ட கமிஷன்கள் வேண்டும். ஆனால் குடியிருக்கும் உரிமை உள்ளவனுக்குத்தான் அது கவசம். அந்த உரிமை இல்லாதவனுக்கு அதுவே தலைச்சுமை. செங்கல்லைக் காக்கிற சட்டம், செங்கல்லுக்குப் பின்னால் இருக்கிற மனிதனையும் சேர்த்துக் காக்க வேண்டும். சிக்காகோவிலேயே இருக்கிற இரண்டு தொழிலாளர் பேட்டைகள் இதற்குச் சாட்சி.

கமிஷன் எப்படி வந்தது?

அமெரிக்காவில் நகரசபை மூலமாகப் பழைய கட்டடங்களுக்குக் காவல் போடுவது 1931-இல் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நியூயார்க்கில் ஒரு காரியம் நடந்தது. 1963-இல் பென்சில்வேனியா ரயில் நிலையம் என்ற மாபெரும் கட்டடத்தை ரயில்வே கம்பெனி இடிக்கத் தொடங்கியது. ஜனங்கள் கூக்குரலிட்டார்கள். பயன் இல்லை. "என் சொத்து, நான் இடிக்கிறேன்" என்றால் கேட்பதற்கு அன்று சட்டம் கிடையாது. அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் 1965-ஆம் ஆண்டு நியூயார்க் சட்டம்.

கம்பெனிகள் சும்மா விடவில்லை. இன்னொரு ரயில் நிலையத்தின் தலைமேல் வானளாவும் ஆபீஸ் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று ஒரு ரயில்வே கம்பெனி கேட்டது. கமிஷன் மறுத்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 1978-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கமாக, கமிஷனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சொத்து உள்ளவன் தன் இஷ்டப்படி எதையும் செய்யலாம் என்ற வாதம் அன்றைக்கு அடிபட்டது. இதை நாம் சாதாரணமாக எண்ணக்கூடாது. தனிச்சொத்துக்குக் கோவில் கட்டிக் கும்பிடுகிற தேசத்திலேயே, ஊராருக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

சிக்காகோவில் 1968-இல் நகரசபைச் சட்டத்தின்படி கமிஷன் அமைந்தது. ஒன்பது அங்கத்தினர்கள். மேயர் நியமிப்பார், கவுன்சில் சம்மதிக்கும். ஒரு கட்டடத்தையோ பேட்டையையோ சரித்திரச் சின்னம் என்று கமிஷன் சிபாரிசு செய்யும். முடிவு கட்டுவது கவுன்சில். அறிவித்த பிறகு, அங்கே ஒரு வேலை செய்ய நகரசபை அனுமதி கேட்டால், அந்த மனு கமிஷன் பார்வைக்கும் போகும். பெரும்பாலும் வீதியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற வெளிப்புறத்தைத்தான் பார்ப்பார்கள். கதவு, ஜன்னல், தாழ்வாரம், கூரை, செங்கல் பூச்சு, பக்கத்தில் எழும்புகிற புதுக் கட்டடத்தின் உயரம். பழைய உருவத்துக்குப் பொருந்தினால் அனுமதி. பொருந்தாவிட்டால் மாற்றிக்கொண்டு வா என்பார்கள்.

அங்கத்தினர்கள் யார்? சரித்திரம், கட்டடக்கலை, நகரத் திட்டம், வீடு-நிலம் வியாபாரம் முதலிய துறைகள் தெரிந்தவர்கள், அல்லது அவற்றில் அக்கறையும் அனுபவமும் உள்ளவர்கள். நல்லது. ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவனுக்கென்று ஒரு நாற்காலி அங்கே கிடையாது. இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

முதலாளி கட்டிய ஊர்

சிக்காகோவின் தென்கோடியில், கால்யுமெட் ஏரியின் பக்கத்தில், 1880-இல் ஜார்ஜ் புல்மன் என்ற கோடீஸ்வரர் ஓர் ஊரையே கட்டத் தொடங்கினார். ரயிலில் படுத்துக்கொண்டு பிரயாணம் செய்கிற சொகுசுப் பெட்டிகளைச் செய்தவர் அவர். ஏறக்குறைய 4,000 ஏக்கர் நிலம் வாங்கினார். தொழிற்சாலை எழுந்தது. அதைச் சுற்றி வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் எழுந்தன. கடைவீதி, மாதாகோயில், நூல்நிலையம், ஓட்டல் எல்லாம் வந்தன. குழாய்த் தண்ணீரும் காஸ் விளக்கும் வந்தன. அன்றைய சிக்காகோவின் நாற்றச் சந்துகளோடு ஒப்பிட்டால் அது சொர்க்கம்தான். ஊருக்கு முதலாளியின் பெயர். ஓட்டலுக்கு முதலாளி மகளின் பெயர்.

ஆனால் ஒரு வீட்டைக்கூடத் தொழிலாளி விலைக்கு வாங்க முடியாது. வாடகைக்கு மட்டுமே கொடுப்பார்கள். பத்து நாள் நோட்டீஸில் வெளியேற்றலாம். போட்ட பணத்துக்கு நூற்றுக்கு ஆறு வரவேண்டும் என்று கணக்கு. நூல்நிலையத்தில் படிக்கக் கட்டணம். மாதாகோயிலுக்கும் வாடகை! அந்த வாடகையைக் கொடுக்க எந்தச் சபைக்கும் கட்டுப்படியாகாமல் பல காலம் அது காலியாகக் கிடந்தது. ஆண்டவனே ஆனாலும் வாடகை பாக்கி என்றால் முதலாளி விடுவாரா?

நம் விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடிசை நிற்கிற மனை மிராசுதாருடையது, உழுகிற வயலும் அவருடையது, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் வேலையும் போகும் குடிசையும் போகும் என்ற நிலையில் நம் அப்பன் பாட்டன் இருந்தார்கள். புல்மன் ஊர் அதே சரக்கு. மண்சுவருக்குப் பதில் செங்கல் சுவர்.

1893-இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. புல்மன் கம்பெனி கூலியை வெட்டியது. சராசரியாக நூற்றுக்கு 25 அளவுக்கு வெட்டு. வாடகையில் ஒரு செப்புக் காசும் குறைக்கவில்லை. பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கூலி கொடுக்கிற கை குறைத்துக் கொடுத்தது. வாடகை வாங்குகிற கை நிறையப் பிடுங்கியது. இரண்டும் ஒரே ஆளின் கைகள்.

1894 மே 11-ஆம் தேதி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். யூஜின் டெப்ஸ் தலைமையிலிருந்த அமெரிக்க ரயில்வே யூனியன் அவர்களுக்காக எழுந்தது. புல்மன் பெட்டி பூட்டிய ரயிலைத் தொட மாட்டோம் என்று ஜூன் 26 முதல் அறிவித்தது. 27 மாகாணங்களில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். கோர்ட்டு தடை உத்தரவு போட்டது. மாகாண கவர்னர் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் ஜனாதிபதி கிளீவ்லாந்து பட்டாளத்தை அனுப்பினார். முப்பது பேர் அளவில் உயிர் இழந்தார்கள். டெப்ஸ் ஆறு மாதம் சிறை சென்றார். வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது.

இந்த வீரக் கதையில் ஒரு களங்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த யூனியன் கறுப்புத் தொழிலாளிகளுக்குக் கதவை அடைத்து வைத்திருந்தது. புல்மன் பெட்டிகளில் பிரயாணிகளுக்குப் படுக்கை விரித்து, செருப்புத் துடைத்து, இரவெல்லாம் கண் விழித்தவர்கள் கறுப்புத் தொழிலாளிகள். அவர்கள் 1925-இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். பன்னிரண்டு வருஷம் போராடி 1937-இல் அதே புல்மன் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள்.

1894-இல் தொழிலாளி தோற்றான் என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். ஆனால் அந்தப் போராட்டத்தால் ஊரின் நாற்றம் வெளியே வீசிவிட்டது. தொழிற்சாலை நடத்த வந்த கம்பெனிக்கு ஊரைச் சொந்தமாக வைத்துக்கொள்ள அதிகாரம் இல்லை என்று 1898-இல் இல்லினாய் மாகாண சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. உற்பத்திக்கு வேண்டாத சொத்தையெல்லாம் விற்றுவிடு என்றது. அடுத்த பத்து வருஷத்துக்குள் வீடுகள் விற்பனைக்கு வந்தன. குடியிருந்தவர்கள் பலர் வாங்கினார்கள். வாடகைக் குடியாக இருந்த தொழிலாளி வீட்டுக்காரன் ஆனான். இதைக் கவனத்தில் வையுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் ஆணிவேர் இதுதான்.

இடிக்க வந்தார்கள்

1960-இல் அந்தப் பேட்டைக்கு வேறொரு ஆபத்து வந்தது. 111-ஆம் வீதிக்கும் 115-ஆம் வீதிக்கும் நடுவே இருக்கிற வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கி, தொழிற்பேட்டை அமைக்கலாம் என்று வியாபாரிகள் தரப்பில் ஒரு யோசனை கிளம்பியது. எண்பது வயதுப் பழைய வீடுகள்தானே, அதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

குடியிருந்தவர்கள் சங்கம் கட்டினார்கள். அமெரிக்கத் தொழிலாளர் சரித்திரத்தின் ஒரு பெரும் யுத்தம் நடந்த இடம் இது, இதை இடிக்க விடமாட்டோம் என்றார்கள். யோசனை கைவிடப்பட்டது. அதோடு விடாமல், சட்டத்தின் பாதுகாப்பையும் வாங்கினார்கள். 1969-இல் மாகாண சர்க்கார் அங்கீகரித்தது. 1970-இல் தேசிய அங்கீகாரம் வந்தது. 1972-இல் சிக்காகோ நகரமே தெற்குப் புல்மனைச் சரித்திரச் சின்னப் பேட்டையாக அறிவித்தது. கறுப்பு மக்கள் மிகுதியாக வாழ்ந்த வடக்குப் புல்மனுக்கு அதே அங்கீகாரம் வர 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதமும் ஒரு சரித்திரப் பாடமே.

1972-ஆம் ஆண்டில் சிக்காகோவின் பணக்கார நடுநகரில் என்ன நடந்தது தெரியுமா? லூயி சல்லிவன் என்ற மாமேதையும் அவர் கூட்டாளியும் படம் போட்ட, 1894-இல் கட்டி முடித்த பங்குச் சந்தைக் கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். காப்பாற்றுங்கள் என்று கமிஷன் சிபாரிசு செய்திருந்தது. கவுன்சில் கேட்கவில்லை. நிலத்தின் விலைக்கு முன்னால் மேதையின் கலை நிற்கவில்லை. ஆனால் தெற்கே, அதே 1894-இல் ரத்தம் சிந்திய தொழிலாளி வீடுகள் நின்றன.

ஏன்? பங்குச் சந்தைக் கட்டடத்துக்கு ரசிகர்கள் இருந்தார்கள். குடியிருப்பவர்கள் இல்லை. புல்மன் பேட்டையில் வீடு சொந்தமான குடியிருப்பவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஒரு சங்கமும் இருந்தது. கமிஷன் தானாக யாரையும் காப்பாற்றுவதில்லை. பின்னால் ஜனங்கள் நின்றால் அதற்கு முதுகெலும்பு வரும். 2015-இல் அந்த இடம் தேசிய நினைவிடமாயிற்று. 2022-இல் தேசிய சரித்திரப் பூங்கா என்ற அந்தஸ்தும் கிடைத்தது. வேலைநிறுத்தத்தின் கதையை இன்று சர்க்கார் ஊழியர்களே அங்கே வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள்.

பில்சன் "வேண்டாம்" என்றது

அதே சிக்காகோவில் பில்சன் என்று இன்னொரு பேட்டை. முதலில் செக் நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள் குடியேறித் தங்கள் சொந்த ஊர்ப் பெயரை வைத்தார்கள். 1877 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது அதன் விளிம்பில் போலீசும் பட்டாளமும் தொழிலாளிகளைச் சுட்டார்கள். பிறகு மெக்சிகோ நாட்டுத் தொழிலாளிகள் வந்தார்கள். அவர்களில் பலர் 1960-களில் சர்வகலாசாலை கட்டுவதற்காகப் பக்கத்துப் பேட்டையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். சுவர்களிலே தங்கள் போராட்டங்களைப் பெரிய பெரிய சித்திரங்களாகத் தீட்டினார்கள். அதனால் பில்சன் உலகப் பெயர் பெற்றது.

பெயர் வந்ததும் பணக்காரன் வந்தான். பணக்காரன் வந்ததும் வாடகை ஏறிற்று. 2000-க்குப் பிறகு பத்தாயிரம் அளவில் மெக்சிகோ வழிவந்த ஜனங்கள் அந்தப் பேட்டையை விட்டுப் போய்விட்டார்கள். 2017-இல் ஒரு சம்பவம். ஜனங்களின் சமூக நிலையமாக இருந்த ஒரு கட்டடத்தை ஒரு வியாபாரி வாங்கினார். அதன் மேலிருந்த பிரபலமான சுவர்ச் சித்திரத்தின்மேல் சாம்பல் நிறச் சாயத்தைப் பூசிவிட்டார். கேட்க நாதியில்லை. ஜனங்கள் கொதித்து எழுந்த பிறகுதான் புதுச் சித்திரம் தீட்ட ஏற்பாடு ஆயிற்று.

இதைப் பார்த்தால், பில்சனுக்குத்தான் கமிஷன் காவல் முதலில் வேண்டும் என்று தோன்றும் அல்லவா? நகர நிர்வாகமும் அப்படித்தான் சொன்னது. சுமார் 850 கட்டடங்களையும் அவற்றின் சித்திரங்களையும் சேர்த்துச் சரித்திரச் சின்னப் பேட்டையாக்கலாம் என்று திட்டம் கொண்டுவந்தது. பேட்டை ஜனங்களில் பெரும் பகுதியினர் வேண்டாம் என்றார்கள்! 2020 டிசம்பரில் சிக்காகோ கவுன்சில் அந்தத் திட்டத்தை நிராகரித்தது.

பழைமையின் அருமை தெரியாத ஜனங்களா அவர்கள்? இல்லை. அந்தச் சித்திரங்களை உண்டாக்கியவர்களே அவர்கள்தான். அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். வீடு உள்ளவன் கேட்டான்: "கூரை ஒழுகினால் கையிலிருக்கிற காசுக்கு ஒட்டுப்போட்டுக்கொள்கிறேன். நாளை கமிஷன் வந்து, பழைய மாதிரியே செய், மரச் ஜன்னல்தான் வை என்றால் பணம் யார் தருவார்?" வாடகைக்காரன் கேட்டான்: "வீட்டுக்காரன் செய்யும் செலவு என் வாடகையில்தான் ஏறும். பேட்டைக்கு மவுசு கூடினால் இன்னும் ஏறும். சுவரைக் காப்பாற்றுவீர்கள், சித்திரத்தைக் காப்பாற்றுவீர்கள். சித்திரத்திலே இருக்கிற ஜனங்களைக் காப்பாற்ற என்ன வைத்திருக்கிறீர்கள்?"

இந்தக் கேள்விக்குக் கமிஷனிடம் பதில் இல்லை. கமிஷனைத் திட்டிப் பயனில்லை. அதன் கையில் கொடுத்த அளவுகோல் ஜன்னலை அளக்கிறது. வாடகையை அளக்க அதற்கு அதிகாரமே கொடுக்கவில்லை.

சலுகை யாருக்கு?

பண உதவியே இல்லையா என்றால், இருக்கிறது. பழைமையான வீட்டில் தானே குடியிருந்து அதைச் செப்பனிடுகிறவனுக்கு இல்லினாய் மாகாணத்தில் ஒரு வரிச் சலுகை உண்டு. வீட்டு வரிக்கான மதிப்பை எட்டு வருஷம் ஏற்ற மாட்டார்கள். பிறகு நான்கு வருஷத்தில் படிப்படியாக ஏற்றுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நிபந்தனையைப் பாருங்கள். வீட்டின் சந்தை மதிப்பில் குறைந்தது கால் பங்கு செப்பனிடச் செலவழித்திருக்க வேண்டும். கால் பங்கு பணம் கையில் வைத்திருக்கிறவனுக்குச் சலுகை. இரண்டு ஜன்னலை மாற்ற முடியாமல் தவிக்கிறவனுக்கு ஒன்றுமில்லை. வாடகைக்காரன் அந்தச் சட்டத்தின் கண்ணில் தென்படவே இல்லை.

தன் கஷ்டத்தைச் சொல்லி விதிவிலக்குக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் கஷ்டத்தைக் கணக்கோடும் தஸ்தாவேஜுகளோடும் நிரூபிக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி உள்ளவனுக்கு அது கதவு. கூலிக்காரனுக்கு அது சுவர்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கவுன்சில் பில்சன் திட்டத்தை நிராகரித்த சில மாதத்திற்குள், 2021-இல், வேறு இரண்டு காரியங்கள் செய்தது. பல குடும்பங்கள் வாழும் வீட்டை ஒரே பணக்காரக் குடும்பத்தின் மாளிகையாக மாற்றுவதற்குக் கட்டுப்பாடு போட்டது. வீட்டை இடித்தால் 15,000 டாலர் கூடுதல் கட்டணம் என்று ஒரு சோதனை ஏற்பாடும் கொண்டுவந்தது. இவை ஜன்னலைப் பற்றிக் கவலைப்படாத சட்டங்கள். ஆனால் இடிப்பவனின் கையைப் பிடித்தன. புல்மன் பேட்டையிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. இரண்டு பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு, அவற்றோடு புதுக் கட்டடம் ஒன்றைச் சேர்த்து, குறைந்த வாடகையில் 38 குடித்தனங்கள் அமைத்தார்கள். பழைய பேட்டைக்குப் பொருந்தாது என்று சிலர் எதிர்த்தார்கள். ஆயினும் கட்டி முடிந்தது. பழைய செங்கல்லும் ஏழைக்குக் குறைந்த வாடகையும் ஒரே மனையில் இருக்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

யாருடைய சரித்திரம்?

கமிஷன் காப்பது சரித்திரம் என்கிறார்கள். யார் எழுதிய சரித்திரம்? ஹேமார்க்கெட் சதுக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1889-இல் அங்கே ஒரு சிலை வைத்தார்கள். யாருக்கு? போலீஸ்காரனுக்கு! தூக்கிலே தொங்கிய தொழிலாளர் தலைவர்களுக்கு நகரத்துக்கு வெளியே சுடுகாட்டில்தான் நினைவுச் சின்னம். தொழிலாளிகள் வண்டிமேல் ஏறிப் பேசிய அந்தச் சதுக்கத்திலேயே அவர்கள் நினைவாக ஒரு சிற்பம் நிற்க 2004 ஆயிற்று. 118 வருஷம்! எது சின்னம், எது குப்பை என்பதை முடிவு செய்கிற மேஜையில் தொழிலாளி இல்லாவிட்டால், அவன் சரித்திரம் குப்பைக்குத்தான் போகும்.

இது சிக்காகோவோடு நிற்கிற சங்கதி அல்ல. பம்பாயில் 1995-இல் இதே மாதிரி விதிகள் வந்தன. பழைய கட்டடங்களுக்கு முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பட்டியல் போட்டு, மாற்றங்களைப் பார்வையிடக் குழு அமைத்தார்கள். அதே பம்பாயில் 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் நின்றார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகரத்துக்கு, ஒரு பங்கு சர்க்கார் வீட்டுவசதிக்கு, மிச்சமே முதலாளிக்கு என்று 1991-இல் விதி இருந்தது. 2001-இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்தில் மட்டும் பங்கு என்று சுருக்கினார்கள். 2006-இல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திருத்தத்தை ஏற்றது. பரேல் பக்கம் இன்று பழைய ஆலையின் புகைபோக்கி ஒன்று ஆடம்பரக் கடைவளாகத்துக்கு அலங்காரமாக நிற்கிறது. புகைபோக்கி பிழைத்தது. அதன் அடியில் வேலை செய்தவன் எங்கே?

சென்னையிலும் 2010-இல் ஹைகோர்ட்டு தீர்ப்புக்குப் பிறகு பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அண்ணா சாலையில் பாரத் இன்ஷுரன்ஸ் கட்டடத்தை இடிக்க முனைந்த வழக்கே அதற்குக் காரணம். அந்தக் கட்டடம் பிழைத்தது. சந்தோஷம். பெரம்பூரில், 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எந்த ஆலையின் தொழிலாளிகளால் பிறந்ததோ அந்தப் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். வெள்ளைக்காரன் கட்டிய ஆபீஸும் ராஜாக்களின் அரண்மனையும் பாரம்பரியம் என்றால், இந்தியத் தொழிற்சங்கம் தவழ்ந்த மண் பாரம்பரியம் ஆகாதா?

நாம் கேட்க வேண்டியவை

பழையது எல்லாம் புனிதம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒழுகுகிற வரிசை வீட்டில் ஏழு பேர் அடைந்து கிடப்பதைப் பாரம்பரியம் என்று போற்றச் சொன்னால் முதலில் எதிர்ப்பவர்கள் நாங்கள்தான். அதே சமயம், பழையது எல்லாம் குப்பை, இடித்துத் தள்ளு என்கிறவன் பெரும்பாலும் காலி நிலத்தின் விலையைத்தான் நினைத்துக்கொண்டு பேசுகிறான். இந்த இரண்டு பேச்சிலும் ஏமாறக்கூடாது.

எந்த ஊரில் இப்படிக் கமிஷன் வந்தாலும் தொழிலாளர் தரப்பில் நான்கு கோரிக்கைகள் வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முதலாவது: கமிஷனில் அந்தப் பேட்டையில் குடியிருப்பவர்களுக்கு, வாடகைக்காரருக்கும் சேர்த்து, சட்டப்படி இடம் வேண்டும். தொழிற்சங்கத்துக்கும் இடம் வேண்டும்.

இரண்டாவது: ஊருக்காகச் சுவரைக் காக்கச் சொன்னால், அதற்கு ஆகும் அதிகச் செலவை ஊர் ஏற்க வேண்டும். ஏழையிடம் கால் பங்கு செலவு செய்துவிட்டு வா என்று சொல்லக்கூடாது. செலவு செய்வதற்கு முன்பே உதவி கிடைக்க வேண்டும்.

மூன்றாவது: பேட்டையைச் சின்னமாக அறிவிக்கும் அதே நாளில், வாடகை ஏற்றத்துக்கும் வெளியேற்றத்துக்கும் தடை போட வேண்டும். முதலில் செங்கல், பிறகு மனிதன் என்று தவணை சொல்லக்கூடாது. தவணை முடிகிறபோது மனிதன் அங்கே இருக்கமாட்டான்.

நான்காவது: அரண்மனையையும் பங்களாவையும் போலவே ஆலையும், தொழிலாளர் வரிசை வீடும், வேலைநிறுத்தம் நடந்த வாசலும் பட்டியலில் ஏற வேண்டும். அந்த வாசலில் என்ன நடந்தது என்று எழுதியும் வைக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் நடக்காத கனவு அல்ல. 1894-இல் பட்டாளத்தால் அடிபட்டு, 1898-க்குப் பிறகு வீட்டு உரிமை பெற்று, 1960-இல் இடிக்க வந்தவனைத் தடுத்து நின்ற புல்மன் ஜனங்கள், பாதி வழியை நடந்து காட்டிவிட்டார்கள். உரிமை முதலில், சங்கம் அடுத்தது, சட்டம் அதற்குப் பிறகு. அந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைப் பில்சன் ஜனங்கள் முன்கூட்டியே கண்டுகொண்டு "வேண்டாம்" என்றார்கள்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரிலோ பேட்டையிலோ பழைய கட்டடம் பற்றி ஒரு குழு கூடுகிறது, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டால், அது படித்தவர்கள் விவகாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். சங்கத்தின் சார்பில் இரண்டு பேர் போங்கள். வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். அவர்கள் ஜன்னலைப் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்து, இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்த வேலை முடிந்த பிறகு, இந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் இருப்பார்களா?" பதில் கிடைக்கும் வரை உட்காராதீர்கள்.